முதிரைக் கம்பின் நீளம்

அளந்து பார்க்காத எதையும் மக்கீன் நம்பமாட்டான். கட்டுகஸ்தோட்டைக் கடையில் நாலு முழம் துணி வாங்கினாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து இன்னொரு தடவை அளந்துவிட்டுத்தான் தையற்காரனிடம் கொடுப்பான். அவன் மனைவி ருக்கியா இதைச் சொல்லிச் சொல்லியே அக்கம்பக்கத்துப் பெண்களைச் சிரிக்க வைப்பாள். அவனைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை என்றால், அளப்பதற்காகவே அரசாங்கம் அவனுக்குச் சம்பளம் கொடுத்து வந்ததுதான் காரணம்.

கெட்டம்பேயில் மகாவலி ஆற்றை ஒட்டி ஒரு மரப் பரிசோதனைக் கூடம் இருந்தது. பெயர்தான் பெரிது, தகரக் கூரையும் இரண்டு அறைகளும்தான் கூடம். முன்னறையில் பலகைகளை வளைத்தும் நசுக்கியும் முறித்தும் பார்க்கும் இயந்திரம் ஒன்று ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். பின்னறை மக்கீனுடையது. அதற்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சூடு உள்ளே வராமலிருக்கச் சுவருக்கு நடுவில் உமி அடைத்திருந்தார்கள். நடுவில் ஒரு கருங்கல் மேசை, மேசைமேல் ஓர் உருக்குச் சட்டம், அதன் இரு தலைப்பிலும் கீழ்நோக்கிக் குனிந்தபடி இரண்டு நுணுக்குக்காட்டிகள். ஒரு மரத்துண்டின் இரு நுனியிலும் சிறிய பித்தளைப் பொட்டுப் பதித்து, அதில் மெல்லிய கோடு கீறி, உருக்குச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி அதில் ஒரு கூறு கூடினாலும் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

பல வருஷமாக மக்கீன் அந்த அறையில் குனிந்தே கிடந்தான். எந்த மரம் மழைக்கு எவ்வளவு ஊதும், எந்த மரம் வெயிலுக்கு எவ்வளவு சுருங்கும் என்று ரயில்வேக்காரன் கேட்டால் ரயில்வேக்காரனுக்கு, தேயிலைப் பெட்டி செய்கிறவன் கேட்டால் அவனுக்கு. தனக்கென்று ஒரு கேள்வியை அவன் அளந்ததில்லை. அந்தக் குறை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலில் அது தீருவதற்கு ஒரு வழி திறந்தது. வட இந்தியாவில் உள்ள பெரிய மர ஆராய்ச்சி நிலையம் ஒன்று, இலங்கையிலிருந்து ஒருவரை இரண்டு வருஷ ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. திரும்பி வந்தால் அவர் உதவியாளர் இல்லை, உத்தியோகத்தர்.

கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், நல்ல மனசு. அவர்தான் மக்கீனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"உம்மடை கை நல்ல கை, காணும். ஆனா இவ்வளவு காலமும் மற்றவன் கேட்டதைத்தானே அளந்தனீர். நீராக் கண்டுபிடிச்சது எண்டு ஒண்டு காட்ட வேணும். இல்லையெண்டா அந்த இடம் கொழும்பிலை ஆருக்கோ போயிடும்."

"என்ன காட்டுற சேர்? எல்லா மரத்தையும் எல்லாரும் அளந்து முடிச்சிட்டாங்களே."

"அதை நீர்தான் யோசிக்க வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் கோப்பியைக் குடிக்கத் தொடங்கினார்.

மக்கீன் யோசித்தான். புது மரத்தைத்தான் எல்லாரும் அளந்திருக்கிறார்கள். நூறு வருஷம் காய்ந்த மரம் என்ன செய்கிறது? அது செத்துப்போய்ச் சும்மா கிடக்கிறதா, இன்னும் காற்றோடும் ஈரத்தோடும் ஏதாவது பேசிக்கொண்டிருக்கிறதா? அதைப் பார்க்க ஒரே மரத்தில் எடுத்த இரண்டு பழைய துண்டுகள் வேண்டும். ஒன்றை வெளியே வைத்து, மற்றதைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். வெளியே உள்ளது அசைந்தால், அசைந்தது மரமா அளக்கும் கருவியா என்று உள்ளே உள்ளது சாட்சி சொல்லும்.

அப்படியான இரண்டு துண்டுகளை அவன் அலவத்துகொடையில் கண்டான். அது ருக்கியாவின் ஊர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசலுக்குப் பின்னால் மையவாடிப் பக்கம் நடந்தபோது, இறந்தவர்களைச் சுமக்கும் சந்தூக்கு வைக்கும் கொட்டிலின் சுவரில் ஆணிகளுக்கு மேல் இரண்டு கம்புகள் படுத்திருந்தன. ஒன்று ஆள் நீளம், மற்றது அதில் பாதி. மஞ்சள் பாரித்து, நேராக, ஒரு வெடிப்புக்கூட இல்லாமல் இருந்தன. கொட்டில் வாசலில் கபுறுக் குழி வெட்டும் முஹைதீன் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்ன மரம் நாநா?"

"முதிர. ஒரே மரத்துல எடுத்த ரெண்டும். நூறு வருஷத்துக்கு முந்தி, பள்ளி கட்டின காலத்துல எண்டு வாப்பா சென்ன."

இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய பிறகு பக்கத்தில் அந்தக் கம்பைக் கிடத்துவார்கள். தலை முடிகிற இடத்தில் ஒரு நூலைக் கட்டுவார்கள். நூலுக்குமேல் ஒரு சாண் விட்டுக் கபுறு வெட்டுவார்கள். பெரியவர்களுக்குப் பெரிய கம்பு, பிள்ளைகளுக்குச் சின்னக் கம்பு. அடக்கம் முடிந்ததும் நூலை அறுத்து மண்ணோடு போட்டுவிட்டுக் கம்பைத் திரும்பச் சுவரில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த மவுத்து வரும் வரைக்கும் அதில் யாரும் கைவைப்பதில்லை.

மக்கீன் இரண்டையும் கேட்டான். முஹைதீன் தீட்டுவதை நிறுத்தினார்.

"எனத்துக்கு மருமகன்? இத வீணுக்கு எடுக்கிற இல்ல. இதால சும்மா ஒண்டையும் அளக்கக் கூடா. அளந்தா அந்த அளவுக்கு ஒரு ஆள் வரணும்."

மக்கீனுக்குச் சிரிப்பு வந்தது. "நான் இதால அளக்கப் போற இல்ல நாநா. இதத்தான் அளக்கப் போற."

முஹைதீன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். கம்பால் அளந்தால் என்ன வரும் என்று ஊருக்குத் தெரியும். கம்பையே ஒருவன் அளந்தால் என்ன வரும் என்று யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. கேட்கிறவன் ஊர் மருமகன், படித்தவன், அரசாங்கக் கந்தோரில் இருப்பவன். மனிதர் அரை மனதோடு இரண்டையும் இறக்கிக் கொடுத்தார்.

"மவுத்து ஒண்டு ஈந்தா உடன கொண்டாந்து தரணும்."

"தாரன் நாநா" என்றான் மக்கீன். கம்புகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறும்போது அந்த வாக்கு அவன் நினைவிலேயே இல்லை.

பெரிய கம்பைக் கருங்கல் மேசைமேல் திறந்தபடி கிடத்தினான். சின்னக் கம்பை ஈரம் உறிஞ்சும் உப்போடு தகரப் பெட்டிக்குள் வைத்து, மூடிக்கு மெழுகு பூசினான். மேலே கண்ணாடி வைத்திருந்ததால் பெட்டியைத் திறக்காமலே அளக்கலாம். தினமும் காலையிலும் பின்னேரத்திலும் இரண்டையும் பார்த்தான். ஒரு மாற்றமும் இல்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டிருந்தது. மகாவலி ஓடுவதை நிறுத்திப் பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. குட்டைகளில் நுளம்பு பெருகி, கேகாலைப் பக்கமிருந்து காய்ச்சல் ஊர் ஊராக ஏறி வருவதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலை பெரிய கம்பு நீண்டிருந்தது. ஆயிரத்தில் மூன்று கூறு.

மக்கீன் முதலில் தன்னைத்தான் திட்டினான். குனியும்போது மூச்சு விட்டிருப்பேன், விளக்குச் சூடு பட்டிருக்கும், மேசை அசைந்திருக்கும். வெப்பமானியைப் பார்த்தான், வழக்கம்போல்தான். சின்னக் கம்பைப் பார்த்தான். அது இம்மியும் அசையவில்லை. அப்படியென்றால் கருவி சரி. மறுநாள் பின்னேரம் பெரிய கம்பு தன் பழைய நீளத்துக்கே வந்துவிட்டது, ஒன்றுமே நடக்காததுபோல. சில நாள் கழித்து மறுபடியும் அதே மூன்று கூறு, மறுபடியும் திரும்பி வந்தது. பிறகு இன்னொரு தடவை.

மரம் பார்க்கிற எவனுக்கும் இது அடிப்படைப் பாடம்: மரம் ஈரத்துக்கு அகலத்தில் ஊதும், தடிப்பில் ஊதும். நீளத்தில் அது அநேகமாக அசையவே அசையாது. அதிலும் ஆற்றில் தண்ணீரே இல்லாத வரட்சியில், நூறு வருஷம் காய்ந்து இறுகிய முதிரை, ஒரு காரணமும் இல்லாமல் நீண்டு சுருங்குகிறது. மக்கீன் அம்பலவாணரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவரையே அளக்க விட்டான். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"மூண்டு" என்றார். பிறகு மெதுவாக, "இது ஆருடைய புத்தகத்திலையும் இல்லை, காணும்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மக்கீனுக்குக் கால் தரையில் படவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, "நாங்க இந்தியாவுக்குப் போற" என்று ருக்கியாவிடம் அறிவித்தான். ருக்கியாவின் முகம் வேறெங்கோ இருந்தது. உம்மாவுக்குக் காய்ச்சல் என்று அலவத்துகொடையிலிருந்து ஆள் வந்திருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு நாளைக்கே போக வேண்டும் என்றாள். மகள் றலியாவுக்கு அப்போதுதான் நாலு வயது நடந்தது. நாலு வயதுப் பிள்ளையைக் காய்ச்சல் ஊருக்குக் கூட்டிப் போகாதே என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். வீடு அமைதியாக இருந்தால் எழுதுவதற்கு வசதி என்றுதான் அவனுக்குத் தோன்றியது. பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான்.

பின்னறையில் ஒரு விஷயம் மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. கம்பு நீண்டிருக்கும் காலைகளில், கதவைத் திறந்ததும் புதிதாய் வெட்டிய மண் வாசம் அடிக்கும். உமி அடைத்த சுவர், சிமெந்துத் தரை. மண் எங்கிருந்து வரும்? நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கும். மையித்து வீட்டில் வந்தவர்கள் பேசாமல் ஒதுங்கி நிற்பார்களே, அப்படி ஒரு நிற்பு. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. அளக்க முடியாததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

முஹைதீன் ஒரு பகல் குடையோடு கூடத்தின் வாசலில் வந்து நின்றார். ஆள் இளைத்துப் போயிருந்தார்.

"ஊருல காச்சல் மருமகன். மூணு பேர் மவுத்தாப் போய்ட்ட. நீங்க வருவீங்க எண்டு பாத்த, வரவே இல்ல. புதுக் கம்பு ஒண்டு வெட்டின. அது சரி வரல்ல. மையித்த எறக்கினா கால் இடிச்ச. சனம் நிக்க நிக்கத் திரும்பவும் வெட்டின. மூணு பேருக்கும் அப்பிடித்தான்."

மக்கீன் அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டான். யார் யார், எந்தெந்த நாள் என்று அனுதாபத்தோடு விசாரித்தான். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவன் அந்த நாட்களைத் தன் அளவுகளோடு பொருத்திப் பார்த்தான். அளவுகளெல்லாம் அவனுக்கு மனப்பாடம். முதல் மவுத்துக்கு முந்திய நாள் காலை கம்பு நீண்டது. அந்த மையித்தை அடக்கிய பின்னேரம் பழைய நீளத்துக்கு வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

"இப்ப சரி கம்புகளத் தாங்க" என்றார் முஹைதீன்.

கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் இந்தக் கதையும் இல்லை. ஆனால் அந்த இந்திய நிலையத்தின் துரை ஒருவர் அடுத்த புதன்கிழமை கண்டிக்கு வருவதாக இருந்தது. அம்பலவாணர் எழுதியதைப் படித்துவிட்டு, தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"புதன் மட்டும் பொறுங்க நாநா. அது முடிஞ்சதும் நானே கொண்டாந்து தாரன்."

முஹைதீன் எழுந்து பின்னறை வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில், கருங்கல்லின் மேல் பெரிய கம்பு. பக்கத்தில் கண்ணாடிக்குள் சின்னக் கம்பு.

"இதுகள இப்பிடி வெளிச்சத்துல படுக்க வெச்சீக்கிறீங்களே" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு மக்கீன் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது சின்னக் கம்பைத்தான். றலியா அலவத்துகொடையில் இருக்கிறாள். சின்னக் கம்பு அசையவில்லை என்றால் அந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது. இப்படித்தான் அவன் கணக்குப் போட்டான். பிஸ்மி சொல்லிக் கண்ணை வைப்பான். அசையாத கோட்டைப் பார்த்ததும் மனசு அமைதியாகும். மகளைத் திருப்பிக் கூட்டிவருவதற்குப் பதிலாக ஒரு மரக்கம்பைக் காவலுக்கு வைத்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை.

பெரிய கம்பு அசையாமல் கிடந்தது. அதுதான் அவன் நித்திரையைக் கெடுத்தது. ஞாயிறு போனது, திங்கள் போனது. செவ்வாய்க்கிழமை அலவத்துகொடைப் பஸ் சாரதியிடம் ருக்கியா சொல்லியனுப்பியிருந்தாள்: உம்மாவுக்குச் சுகம், ஊரிலும் காய்ச்சல் தணிகிறது, வெள்ளிக்கிழமை வருகிறோம். செய்தியைக் கேட்டு மக்கீனின் முகம் விழுந்துவிட்டது. சாரதிகூட, "நல்ல சேதிதானே சொன்ன?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அன்றைக்குத்தான் மக்கீனுக்குத் தன் மேலேயே பயம் வந்தது. ஊர் சுகப்பட்டால் கம்பு அசையாது. கம்பு அசையாவிட்டால் நாளைக்குத் துரையிடம் காட்ட ஒன்றும் இல்லை. இதற்கு மேல் அவன் யோசிக்க விரும்பவில்லை. புதன்கிழமை விடியற்காலை சுபஹுத் தொழுது கையேந்தியபோது, யா அல்லாஹ், ஆயிரத்தில் ஒரு மூன்று கூறு, அவ்வளவுதான் என்று கேட்டான். யாருடைய பெயரையும் அவன் சொல்லவில்லை. ஊரில் வயதாளிகள் இருக்கிறார்கள், எப்படியும் போகிறவர்கள் என்று மனதின் ஓர் ஓரத்தில் ஒரு நினைப்பு ஓடியது. அதை அவன் ஓடவிட்டான்.

துரை நேரத்துக்கு வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். பின்னறைக்குள் தலை குனிந்து நுழைந்து, பெரிய கம்பைத் தானே அளந்தார். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அளந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அம்பலவாணர் இருமினார். மக்கீனின் சேர்ட் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் கம்பையும் பார்த்துவிடலாமே" என்று துரை ஆங்கிலத்தில் சொன்னார். மரியாதைக்குச் சொன்னதுதான்.

அன்று காலை அவசரத்தில், மேசை துடைத்து விளக்குத் திருத்தும் அமளியில், மக்கீன் சின்னக் கம்பைப் பார்க்கவில்லை. பெட்டியை மெதுவாக நுணுக்குக்காட்டிக்குக் கீழ் நகர்த்தினான். நகர்த்தும்போதே வாசம் அடித்தது. ஈர மண், சற்றுக் கற்பூரமும். துரை குனிந்தார். திருகை ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார், நிமிர்ந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

மூன்று கூறு என்றார். காற்றுப் புகாத பெட்டிக்குள், ஈரமே இல்லாத இடத்தில், அதே மூன்று கூறு. அப்படியென்றால் வெளியே உள்ள எதுவும் காரணமில்லை, மரத்துக்குள்ளேயே ஏதோ இருக்கிறது என்று அவர் உரத்துச் சொன்னார். நாளைக்கும் தங்குவதாகவும், அது திரும்பி வருவதையும் தன் கண்ணால் பார்த்துவிட்டால் இடம் மக்கீனுக்குத்தான் என்றும், அதுவரை யாரும் கம்பைத் தொடாமல் மக்கீன் பக்கத்திலேயே இருந்து அளந்துவர வேண்டும் என்றும் சொன்னார். அம்பலவாணர் மக்கீனின் தோளில் தட்டினார். மக்கீன் எதையும் கேட்கவில்லை. அவன் கண் சின்னக் கம்பைவிட்டு அகலவில்லை. அது எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் பார்த்தான்.

துரை போனதும் மக்கீன் தொப்பியை எடுத்தான்.

"எங்கை போறீர்?"

"ஊருக்கு சேர். மகள் அங்க ஈக்கிற."

"ஏன், சுகமில்லையோ?"

என்ன சொல்வது? சுகமில்லை என்று செய்தி வரவில்லை. சுகம் என்றுதான் வந்தது. மரக்கம்பு நீண்டுவிட்டது, என் பிள்ளை சாகப்போகிறாள் என்று இந்த மனிதரிடம் சொல்ல முடியுமா? தந்தி அடிக்கலாம். என்னவென்று அடிப்பது?

"நான் சொல்லுறதைக் கேளும்" என்றார் அம்பலவாணர். "இப்ப போனீர் எண்டா அந்த ஆள் நாளைக்கே கொழும்புக்கு வெளிக்கிட்டிடுவார். ஒரு நாள்தானே. நாளைக்கு ராசா மாதிரிப் போம்."

மக்கீன் தொப்பியைக் கையில் வைத்தபடி நின்றான். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் போனால் மட்டும் என்ன செய்ய முடியும்? வருவது வரும். இப்படியெல்லாம் அவனுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அது சொன்னதில் பொய்யும் இல்லை. அவன் தொப்பியை ஆணியில் மாட்டினான்.

அந்தப் பகலும் இரவும் அவன் அங்கேயே இருந்தான். குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். ஒவ்வொரு தடவையும் கோடு மூன்று கூறு தள்ளியே நின்றது. பின்னால் நிற்கிறவர் இப்போது விலகிப் போகவே இல்லை. ஒரு தடவை, தன்னையறியாமல், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று வாய்விட்டுச் சொன்னான். 

வியாழக்கிழமை காலை நன்றாக வெயில் ஏறிய பிறகு, முன்னறையில் செருப்புச் சத்தம் கேட்டது. மக்கீன் வெளியே வந்தான். அம்பலவாணர் தன் மேசையில் இருந்தார். வாசலில் முஹைதீன் நின்றார். குடை இல்லை. சாரத்தின் ஓரமெல்லாம் பாதைத் தூசி.

"சின்னக் கம்பு வேணும் மருமகன்" என்றார்.

மக்கீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். யாருக்கு என்று அவருடைய முகத்திலிருந்து படித்துவிடலாமா என்று பார்த்தான். அது அழுது முடித்த முகம். ஊர் மருமகனின் பிள்ளை போனாலும் இந்த மனிதர் இப்படித்தான் அழுவார்.

"யாரு நாநா?"

"எண்ட மகள்ட புள்ள" என்றார் முஹைதீன். "ஸுலைஹா. சுபஹு நேரம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் மக்கீன்.

அது அவன் நெஞ்சின் அடியிலிருந்து, மூச்சோடு மூச்சாக வந்துவிட்டது. மவுத்துச் செய்தி கேட்டால் இன்னா லில்லாஹி என்று சொல்ல வேண்டும் என்பது ஓதப் போகாத பிள்ளைக்கும் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்பது நல்லது கிடைத்தவன் சொல்வது, பசியாறியவன் சொல்வது, பிள்ளை பிழைத்தவன் சொல்வது. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதுக்கே எட்டியது. அதைத் திரும்ப எடுக்க அவனுக்கு வழியில்லை.

அம்பலவாணருக்கு இது ஒன்றும் தெரியாது. இழவு சொல்ல வந்திருக்கிறார், இவர்களுடைய முறைப்படி மக்கீன் ஏதோ ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்தார். நல்ல மனசுள்ள மனிதர் இல்லையா? கதிரையைவிட்டு எழுந்து, கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்து, முஹைதீனைப் பார்த்து மிகுந்த துக்கத்தோடு சொன்னார்:

"அல்ஹம்துலில்லா, ஐயா. அல்ஹம்துலில்லா."

முஹைதீன் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேற்று மனிதர், அறியாமல் சொன்னார். பிறகு மக்கீனைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். மக்கீனுக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து தன்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

"ஒங்கட மகளும் அங்கதான் ஈக்கிற" என்றார் முஹைதீன் கடைசியில். "சுகமா ஈக்கிற. விடியப் பாத்த."

மக்கீன் பின்னறைக்குள் ஓடி, மெழுகை உடைத்துப் பெட்டியைத் திறக்கப் போனான். துரையாவது இடமாவது என்றுதான் அந்த நிமிஷம் அவனுக்கு இருந்தது. முஹைதீனின் குரல் அவனைத் தடுத்தது.

"எடுக்க வேணாம். அது ஒங்ககிட்டயே ஈக்கட்டும். எண்ட புள்ளைய நான் கையால அளந்துக்கிற."

அவர் படியிறங்கி வெயிலில் நடந்தார். மக்கீன் வாசல்வரை வந்து, "நாநா, நான் வேணுமெண்டு சொல்லல்ல" என்றான். அதையும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அவர் திரும்பவில்லை.

பின்னேரம் துரை வந்தார். கம்பு இன்னும் நீண்டே இருந்தது. மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு, மக்கீன் கண் வைத்திருக்கும்போதே, கோடு நகரத் தொடங்கியது. யாரோ பிடித்திருந்த கையை விரல் விரலாக எடுப்பதுபோல் நகர்ந்து, பழைய இடத்தில் போய் நின்றது. மண் தள்ளி முடித்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. கடைசிப் பிடி மண்ணை யார் போட்டிருப்பார் என்பதும் தெரிந்தது. அறையில் வாசமும் இல்லை, பின்னால் யாரும் இல்லை.

துரையும் அம்பலவாணரும் மாறி மாறி அளந்து பார்த்தார்கள். ஒரு கூறுகூடப் பிசகவில்லை.

"உமக்குத்தான் இடம், மக்கீன்" என்றார் அம்பலவாணர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "இனி ஒருத்தரும் தடுக்கேலாது. அந்த ரெண்டு கம்பையும் அங்கை கொண்டு போய் நாள்தோறும் அளக்க வேணுமாம். அதுதான் இனி உம்மடை வேலை."

துரை சிரித்தபடி கையை நீட்டினார்.

இப்போது ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று மக்கீனுக்குத் தெரியும். இந்த வேளைக்கென்றே உள்ள சொல். சின்ன வயதிலிருந்து ஒரு தேத்தண்ணி குடித்து முடித்தாலும் வாய் தானாகச் சொல்லும் சொல். அவன் வாயைத் திறந்தான். காலையில் முஹைதீன் பார்த்த பார்வை முன்னால் வந்து நின்றது. சொல் வரவில்லை. துரை நீட்டிய கையோடு காத்துக்கொண்டு நின்றார்.